பின்பலகையில் ஒரு வரி

பழைய பாய்மரப் படகு ஒன்று கரையில் விலைக்கு நின்றது. அன்று மாலைக்குள் யாரும் வாங்காவிட்டால் மறுநாள் அதை விறகுக்கு அறுத்துவிடுவார்கள்.

மத்தியானம் எஸ்தர் என்ற பெண் பார்க்க வந்தாள். நங்கூரம் படகின் காதில் சொன்னது.

"நாலு கை மாறினவள் என்று காட்டிக்கொள்ளாதே. ஒரே வீட்டில் இருந்தவள் மாதிரி நில்."

"நின்றுவிடலாம் அக்கா. பெயின்ட் உரியாமல் இருக்க வேண்டுமே."

வாங்கிய ஒவ்வொருவரும் பழைய பெயரின் மேல் பெயின்ட் அடித்து, மனைவி பெயரையோ மகள் பெயரையோ பின்பலகையில் எழுதியிருந்தார்கள். எஸ்தர் அந்த இடத்தைத்தான் கத்தியால் சுரண்டினாள். மோகனா உதிர்ந்ததும் பத்மாசனி தெரிந்தாள். அவளுக்குக் கீழே ரெஜினா. கடைசியில், மரத்திலேயே செதுக்கிய அமிர்தம்.

"போச்சு. மானம் போச்சு" என்றது நங்கூரம்.

எஸ்தர் பலகையைத் தடவினாள். "உன்மேல் இத்தனை பேருக்கு ஆசையா?" என்றாள். பிறகு விற்பவரைக் கூப்பிட்டு, தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் பின்பலகையில் நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதினாள். ஐந்தாவதாகத் தன் மகள் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டாள்.

நங்கூரம் அந்த வெற்றிடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக எழுதியிருக்கலாம்" என்றது. "இரண்டு பேருக்கு இடம் இருந்திருக்கும்."