வாசலில் ஆலிவ் மாலை

“உன் வீட்டு வாசல்ல ஆலிவ் மாலை தொங்குதாமே? ஆம்பளப் பிள்ளையாமே?”

கபிசியாஸ் அச்சிலிருந்து எடுத்த களிமண் தலையைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் கேட்டான். இல்லாவிட்டால் கோபத்தில் அதை நசுக்கியிருப்பான். கிரேக்க ஊரான தனக்ராவில் பொம்மை செய்கிறவர்களின் தெரு முழுக்கக் காலையிலிருந்து இதே பேச்சு.

“ஆமாண்ணே, இன்னைக்குத்தான்,” என்றாள் மெலித்தா. முகமெல்லாம் சிரிப்பு. “அம்மன் கோயிலுக்குக் காணிக்கை வைக்கணும். துணி சுத்தின கைக்குழந்தை பொம்மை ஒண்ணு செஞ்சு குடுங்க.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் புருஷன் இஸ்மேனியாஸ் அவனுடைய உயிர்த் தோழன். இஸ்மேனியாஸ் போன கப்பல் கவிழ்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. வெறும் குழியை எப்படி மூடுவது என்று கபிசியாஸே தோழனின் சாயலில் ஒரு மண்பொம்மை செய்தான். அதைக் கிடத்தி, அழுது, எண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். அன்றைக்கு மண்ணில் புரண்டவள்தான் இவள்.

“அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. நான் கணக்குல கொஞ்சம் மட்டம்தான் மெலித்தா. ஆனா இது எனக்கே இடிக்குதே! பெத்த அன்னைக்கே எழுந்து நடந்து வேற வந்திருக்க!”

“எங்க மாமியார்தான் கூட இருந்து எல்லாம் பாத்தாங்க. அவங்களுக்கே இடிக்கல. உங்களுக்கு என்னண்ணே?”

“அந்தம்மாவுக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா? சரி, பிள்ளைக்குப் பேர்?”

“பத்தாம் நாள்தானே பேர் வைப்போம்? அதுக்குள்ள இன்னொரு உதவி செய்யணும். கல்லறையில புதைச்சோமே ஒரு பொம்மை, அதைத் தோண்டி எடுத்துத் தரணும்.”

கபிசியாஸ் எழுந்துவிட்டான்.

“வெளிய போ! அவனுக்குன்னு இந்த ஊர்ல மிச்சம் இருக்கறது அந்த ஒரு பொம்மை. அதையும் பிடுங்கணுமா உனக்கு? உன் பிள்ளைக்கு வேற எவன்கிட்டயாவது போய்ச் செஞ்சு வாங்கிக்கோ.”

மெலித்தா நகரவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கண்களில் நீர் கட்டியிருந்தது.

“நீங்கதான் செய்யணும்ணே. பிள்ளை உங்களைத்தான் கேக்குது.”

“பொறந்த அன்னைக்கே பேசுதாக்கும்!”

“வாய் எங்க ஓயுது? ‘கபிசியாஸைக் கூட்டிட்டு வா. என் மூக்கைச் சப்பையா செஞ்சு புதைச்சானாமே, அதை நான் பாக்கணும்’னு ஒரே கத்தல்.”

கபிசியாஸ் அப்படியே பலகையில் உட்கார்ந்தான். அதிலிருந்த களிமண் தலை நசுங்கியதுகூடத் தெரியவில்லை.

“என்ன… என்ன சொல்ற?”

“கப்பல் கவுந்தப்ப கடல் கொள்ளைக்காரங்ககிட்ட மாட்டி, அடிமையாக் கிடந்து, தப்பிச்சு நேத்து எங்க வீட்டுக்காரர் வந்து சேந்துட்டாருண்ணே! நம்ம வழக்கப்படி, சாவுச் சடங்கு முடிஞ்சவர் மறுபடி பொறந்தாத்தானே கோயில் வாசல மிதிக்க முடியும்? அதான் பெத்தவங்களே குளிப்பாட்டி, துணி சுத்திக் கட்டில்ல கிடத்தியிருக்காங்க. பொம்மைக்கு மறக்காம தாடி வச்சிடுங்க!”