புதன்கிழமைப் பேச்சு

கல்லூரி விடுதிக்கு வந்து ஒரு மாதமாகியும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் வருகை சொல்வதோடு சரி. ஞாயிறுதோறும் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள்.

ஒரு ஞாயிறு அம்மா கேட்டாள்.

"உன் சிநேகிதிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாடி?"

"எந்த சிநேகிதிம்மா?"

"புதன்கிழமை அரைமணி நேரம் அவளப் பத்தித்தானே பேசினே? அப்படிச் சிரிச்சியே!"

புதன்கிழமை அவள் வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை. ஆனால் அம்மாவின் குரலில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை.

"விட்டுடுச்சும்மா" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "வேற என்னல்லாம் சொன்னேன்மா?" என்று கேட்பாள். தான் சினிமாவுக்குப் போனதையும் மேடையேறிப் பாடியதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

விடுமுறை விட்டதும் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, கிளம்பிட்டேன். சாயங்காலம் வந்துடுவேன்."



"யாரும்மா நீ? நம்பர் மாத்திப் போட்டுட்டே போல. எம்பொண்ணு நேத்தே வந்துட்டாளே" என்றாள் அம்மா. அன்பாகத்தான் சொன்னாள்.

சமையலறைப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒன்று அவளுடைய குரல். அவ்வளவு மனம்விட்டு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.