அப்பாதானா என்று டிவி கேட்டது

சிமெண்ட் மூட்டை இறக்கிய தோள்பட்டை சூசைராஜுக்கு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் கபடி இறுதிப்போட்டி தொடங்குவதற்குள், மகள் ஜெனிலா பேய்ப்படம் பார்க்காதபடி புது டிவிக்குப் பூட்டுப் போட்டுவிட வேண்டும்.

"பூட்டுப் போடுவது பெற்றோர் வேலை. நீங்கள் அப்பாதானா என்று பார்க்கிறேன். விடைகளை உங்கள் மகளிடம் கேட்டு வைத்திருக்கிறேன்," என்றது டிவி. "அவள் டீச்சர் பெயர்?"

"டீச்சர்... கண்ணாடி போட்டிருப்பாங்களே!"

"தவறு. அவளுக்குப் பிடிக்காத காய்?"

"வீட்ல ஆக்குறத எல்லாம் திம்பா."

மனைவி செல்வராணி அடுக்களையிலிருந்து சிரித்தாள். "பாகற்காய்னா தட்டையே கவுத்திருவா. நீங்க எந்த வீட்ல இருக்கிய?"

"இதுவும் தவறு. இன்னொன்று தவறினால் உங்களையும் குழந்தையாகப் பதிந்துவிடுவேன். பொம்மைப்படம் மட்டும்தான் வரும்."

"அப்ப கபடி?"

"அதில் அடிதடி உண்டு, குழந்தைகளுக்கு ஆகாது. கடைசிக் கேள்வி. மகளுக்குக் கடைசியாக என்ன வாக்குக் கொடுத்தீர்கள்?"

ஜெனிலா வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். சூசைராஜ் தலையைச் சொறிந்தான்.

"சைக்கிள் ஓட்டக் கத்துத்தாரேன்னு சொன்னேன். ஈஸ்டருக்கு முன்னாடி."

"சரி. நீங்கள் அப்பாதான். பேய்ப்படத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று."

திரையில் கபடி தொடங்கும் விசில் ஒலித்தது.

"ஈஸ்டர் போயி கிறிஸ்மஸும் வந்துட்டுப்பா," என்றாள் ஜெனிலா. "நீ இன்னும் சைக்கிள் கத்துத்தரல."