மாப்பிள்ளைக்கென்று ஒரு போல்ட்டு

"மாப்பிள்ளை, இதுக்கு நீங்கதான் வரணும்" என்று சொல்லி, அம்மா ஸ்டூலைத் துணியால் துடைத்து எஞ்சின் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

உதிரிபாகக் கடைக்குப் போயிருந்த மகன் அப்போதுதான் பையோடு உள்ளே வந்தான். ஸ்டூலைத் துடைத்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. அவன் உட்காருவதற்கு அம்மா ஒரு பழைய டயரைக்கூடத் துடைத்துப் போட்டதில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"புகைக்குழாய் போல்ட்டு ஒண்ணு உடைஞ்சு, தலை மட்டும் தனியா வந்துடுச்சு. மீதி உள்ளேயே நிக்குது."

"நான் எடுக்கட்டுமா?"

"நீ போய் உன் கியர்பாக்ஸைப் பாரு. இது மாப்பிள்ளை வேலை."

பட்டறை அம்மாவுடையது. தெருமுனையில் புதிதாக இன்னொரு பட்டறையும் வாடகைக்கு எடுத்திருந்தாள். அதை யார் கையில் ஒப்படைப்பது என்பதை, இந்தப் பழைய கார் வேலை முடிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். இனிமேல் வேறு சொல்ல வேண்டுமா, அதுதான் துடைத்த ஸ்டூலே சொல்கிறதே என்று மகன் பல்லைக் கடித்தான்.

இந்தத் தொழிலில் பேர் வாங்கித் தருவது உடைந்த போல்ட்டுதான். புகைக்குழாய் எஞ்சினோடு சேருகிற இடம், வண்டி ஓடும்போதெல்லாம் பழுக்கக் காய்ந்து, நின்றதும் ஆறுகிற இடம். அங்கே இருக்கும் போல்ட்டு துருவேறித் தான் திருகியிருக்கும் மரையோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். பழைய வண்டியில் அது உடையாமல் என்ன செய்யும்? ஆனால் எடுக்கும்போது கை தவறினால் எஞ்சினே பாழ்.

அப்படிப்பட்ட வேலை வரும்போதெல்லாம் அம்மாவின் வாயில் வருவது மாப்பிள்ளைதான். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து, எஞ்சின் பக்கம் முழுவதையும் தன் வசம் எடுத்துக்கொண்ட மனிதர். மகனுக்குக் கிடைத்தது கியர்பாக்ஸ். அதன் போல்ட்டுகளோ, எண்ணெயில் ஊறவைத்து இரண்டு தட்டுத் தட்டினால் பூப்போலக் கழன்று வந்துவிடும். பூப்போலக் கழன்றதற்கு யார் கைதட்டப் போகிறார்கள்?

மகன் எதையோ தேடுகிற சாக்கில் காருக்கு இந்தப் பக்கம் வந்தான். ஸ்பானரின் பிடியில் மாட்டி நீளமாக்கி, முழு பலத்தையும் கொடுத்துத் திருகுகிற இரும்புக்குழாய் சக்கரத்தருகே கிடந்தது. அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான்.

மச்சான் அவசரமே படவில்லை. உடைந்த முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்தார். அதில் இரண்டு லாபம். ஸ்பானர் பிடிக்க ஒரு புதுத் தலை கிடைக்கும். அதோடு, அந்தச் சூட்டில் போல்ட்டு விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி விட்டுப்போகும்.

ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். நட்டு மட்டும் பிய்ந்துகொண்டு வந்தது. மகனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"என்ன மச்சான், மசிய மாட்டேங்குதா?"

"மசியும் தம்பி. இது மாதிரி எத்தனை பார்த்திருக்கோம்!"

இன்னொரு நட்டை வைத்தார். சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு மெழுகுவத்தியைப் போல்ட்டின் அடியில் தொட்டார். உருகிய மெழுகு தானாகவே மரைக்குள் ஓடி மறைந்தது. பிறகு ஸ்பானரைக் கழற்றுகிற பக்கம் திருப்பாமல், இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைத்தார். அப்புறம் கழற்றுகிற பக்கம். மறுபடி இறுக்குகிற பக்கம். உள்ளே உதிர்ந்த துருப்பொடி மரையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படித்தான் முன்னும் பின்னுமாகக் கொஞ்ச வேண்டும்.

இதெல்லாம் மகனுக்கும் தெரியும். மச்சானின் கையைப் பார்க்கப் பார்க்க அவன் விரல்கள் வெறுங்காற்றைத் திருகின.

கிரீச்சென்று ஒரு சத்தம். போல்ட்டு அசைந்து கொடுத்து, சுற்றிச் சுற்றி முழுசாக வெளியே வந்தது.

"வந்துட்டாரய்யா!" என்று பிரசவம் பார்த்த களைப்போடு மச்சான் அதைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க கைக்கு வராம எங்கே போகும், மாப்பிள்ளை! போய்க் கை கழுவிட்டு டீ குடிங்க" என்றாள் அம்மா.

அவர் பின்பக்கம் போகும்வரை மகன் பொறுத்திருந்தான். பிறகு கையிலிருந்த பையை மேஜைமேல் டமாரென்று போட்டான்.

"புதுப் பட்டறையையும் அவருக்கே குடுத்துடு. நான் வேற எங்கயாவது வேலை தேடிக்கறேன்."

"ஏண்டா இப்படிக் குதிக்கிறே?" அம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இந்தா, பிடி. நாளையிலேருந்து அது உன் பொறுப்பு."

அவன் உள்ளங்கையை விரித்தான். சாவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கா? உடைஞ்ச போல்ட்டுன்னா அவரை மட்டும்தானேம்மா கூப்பிடுறே? ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கியா?"

அம்மா பின்வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டு மாப்பிள்ளையை வேற எப்படிடா திட்டறது? உடைக்கிறவரையே எடுக்கச் சொல்றேன்."