பாதி ஓட்டத்தில் நின்ற மஞ்சள் விமானம்

ஏரிக்கரை ஓரமாக ஒரு ஓடுபாதை இருந்தது. அதன் கொட்டகையில் இரண்டு குட்டி விமானங்கள் குடியிருந்தன. போன வாரம் சிவப்பு விமானம் மேலே எழும்ப முடியாமல் பாதை முடிவிலிருந்த வேலியில் மோதி, இறக்கை ஒடிந்து கிடந்தது. இப்போது மஞ்சள் விமானத்தின் முறை; நாளைக்குப் பறக்க வேண்டும். அதற்குப் பயம். சிவப்பிடம் கேட்டது.

"என்ஜின் நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே, அப்புறம் எப்படி?"

"நல்ல வெயிலு, நிறைய சுமை. பாதி தூரத்துலயே தெரிஞ்சுபோச்சுடா, சக்கரம் லேசாகவே இல்ல."

"அப்பவே நின்னிருக்கலாமே?"

"எல்லாரும் கையாட்டி வழியனுப்பிட்டாங்க. எப்படிடா நிக்கிறது?"

வாசலில் வெயில் காய்ந்த கூழைக்கடா சிரித்தது. "மீனு அதிகமாத் தின்னா எனக்கும் எழும்ப வராது. தண்ணிய அடிச்சு அடிச்சு ஓடிப் பார்ப்பேன். முடியலன்னா நின்னு, தின்னதைக் கக்கிட்டு மறுபடி ஓடுவேன். கொக்குங்க சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டுமே!"

மறுநாள் உச்சி வெயிலில் மஞ்சள் ஓடியது. பாதித் தூரத்தில், ஓரமாக நின்ற வேப்பமரம் வந்தது. சக்கரம் இன்னும் கனமாகவே இருந்தது. மஞ்சள் சட்டென்று நின்றுவிட்டது. கரையெல்லாம் கொக்குகள் சிரித்தன.

கொட்டகை ஆட்கள் வந்து, ஏற்றியிருந்த மூட்டைகளில் பாதியை இறக்கினார்கள். சாயங்காலம் வெயில் தணிந்து, இறக்கையைத் தூக்கிவிடும் எதிர்காற்று வந்ததும் மஞ்சள் மறுபடி ஓடியது. வேப்பமரம் வருவதற்குள் சக்கரம் தரையை விட்டிருந்தது.

ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பியதும் சிவப்பு கேட்டது. "கொக்குங்க சிரிச்சுச்சுங்களாடா?"

"ரொம்ப, அண்ணே."

சிவப்பு தன் ஒடிந்த இறக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"இது சரியாகட்டும். நானும் ஒருநாள் பாதியில நின்னு, அதுங்கள வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன்."