நாயின் மன அமைதிக்காக

கால்நடை மருத்துவர்களுக்கு நாயைக் கண்டால் பயம் இருக்காது என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. இது முற்றிலும் ஆதாரமற்றது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்காது என்று யாராவது சொல்கிறார்களா?

மேனாம்பேட்டில் முப்பது வருடமாக கிளினிக் நடத்தும் டாக்டர் கங்காதரனுக்கு நாய் என்றால் பயம். அந்தப் பயத்துக்குப் பதினோரு வயது.

டில்லிபாபு வீட்டுப் பொமரேனியன் அவருடைய வலது கட்டைவிரலைக் கவ்விய அன்று அது பிறந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத பிராணி. டாக்டர் மேஜை மேல் ஏறி நின்றுவிட்டார். டில்லிபாபு அப்போது வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தது உதவியாளர் ராணி ஒருத்திதான். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவளிடம் பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வாசலில் போர்டு தொங்கியது: 'நாயின் வாயைக் கட்டி அழைத்து வரவும். இது நாயின் மன அமைதிக்காக.'

ஊர் கீழ்ப்படிந்தது. துண்டு, கர்ச்சீப், பிள்ளைகளின் பழைய ஸ்கூல் டை என்று எது கிடைத்ததோ அதைக்கொண்டு வாய் கட்டிய நாய்கள் வந்தன. டாக்டர் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்திலிருந்தே வைத்தியம் பார்த்தார். பல் கேஸ் வந்தால், 'ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டியது' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இப்போது அறுபத்திரண்டு வயது. கிளினிக்கை விற்கிறார். வெளியே சொன்ன காரணம் முட்டிவலி. மனசுக்குள் இருந்த ஆசை வேறு. யாருக்கும் தெரிவதற்குள், ஒரு தைரியசாலியாகவே ரிட்டையர் ஆகிவிட வேண்டும்.

வாங்க வந்தவர் பூந்தமல்லியைச் சேர்ந்த இளம் டாக்டர் கிருஷ்ணப்பிரியா.

"கட்டிடம் வாடகை. மெஷின் எல்லாம் பழசு. நான் வாங்கறது உங்க பேரையும், உங்களை நம்பி வர்ற ஜனத்தையும்தான் சார். ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

"பக்கத்துலயா?"

"ஏன் சார், முடியாதா?"

"சேச்சே. ஒரு வாரம்கூட உட்காருங்க" என்றார்.

சனிக்கிழமை காலை வரிசையாக ஆறு நாய்கள். ஆறுக்கும் வாய் கட்டியிருந்தது. கிருஷ்ணப்பிரியா அசந்துபோனார்.

"எங்க ஏரியாவுல தலைகீழா நின்னாலும் ஒருத்தரும் கட்டிட்டு வர மாட்டாங்க. எப்படி சார் பழக்கினீங்க?"

"ஒழுக்கம்மா. எழுத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. போர்டைப் பார்த்தீங்கல்ல?"

ஏழாவதாக ஷேர் ஆட்டோ வேம்புலி தன் ஜிம்மியோடு வந்தார். கன்றுக்குட்டி அளவு நாட்டு நாய். வாயில் துண்டு.

"ரெண்டு நாளா துண்ண மாட்டேங்குது டாக்டரே. பல்லாண்ட இன்னாவோ மாட்டிக்கினு கீது."

டாக்டரின் கை சீட்டை நோக்கிப் போனது. "இது ஸ்பெஷலிஸ்ட்..."

"பல்லுதானே சார், கட்டை அவிழ்த்துப் பார்த்துடலாமே" என்றார் கிருஷ்ணப்பிரியா. "நீங்க பாருங்க, நான் கத்துக்கறேன்."

ராணிக்குத் திடீரென்று அலமாரியில் வேலை வந்தது. கங்காதரனின் கட்டைவிரல் தானாகவே உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

வேம்புலி அந்த விரலைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அது இன்னான்னா டாக்டரம்மா, நம்ம நாய்க்கு டாக்டர்னா உசுரு. அவுத்து வுட்டா பாசத்துல மூஞ்சி பூரா நக்கிடும். போன தபா அவரு கண்ணாடியே ஒடஞ்சி பூட்ச்சி. நீங்க புச்சு. நீங்களே பாத்துடுங்க."

கிருஷ்ணப்பிரியா சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தார். கடைவாய்ப் பல்லுக்கு இடையில் சிக்கியிருந்த எலும்புத் துணுக்கை இடுக்கியால் எடுத்தார். அதுவரை கங்காதரன், அனுபவசாலியின் தோரணையோடு, வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் கண்ணாடி எப்போது உடைந்தது என்று பிறகுதான் யோசித்தார். உடையவே இல்லை. பாவம், வெள்ளந்தி மனுஷன். ஏதோ உளறப்போய் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்ட விலை.

"இப்படி ஒரு ஜனம் வேற எங்கேயும் கிடைக்காது சார்" என்றார் கிருஷ்ணப்பிரியா.

"எல்லாம் பழக்கற விதத்துல இருக்கும்மா."

கிளினிக் கைமாறிய அடுத்த திங்கட்கிழமை, மறந்து வைத்துவிட்டு வந்த குடையை எடுக்கப் போனார் கங்காதரன். போர்டு அதே இடத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

பெஞ்ச் ஓரம் நிறைய நாய்கள். ஒன்றின் வாயும் கட்டியிருக்கவில்லை. ஒன்று குரைத்தது. ஒன்று கொட்டாவி விட்டது. பல்லைக் காட்ட மறுபடி வந்திருந்த ஜிம்மி, புது டாக்டரின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

பதினோரு வருட ஒழுக்கம் மூன்றே நாளில் பாழ். இதைப் பற்றிக் கண்டிப்பான இரண்டு வாக்கியங்களை மனதுக்குள் தயார் செய்துகொண்டு, கதவைத் தள்ளினார்.

வேம்புலிதான் முதலில் பார்த்தார்.

"டாக்டர் வர்றாரு. கட்டுங்கபா" என்றார், மெதுவாக.

தோளில் கிடந்த துண்டுகள் இறங்கின. பைகளிலிருந்து கர்ச்சீப்புகள் வந்தன. ஒரு ஸ்கூல் டையும் வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூலையில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த குப்பம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு முந்தானையை எடுத்து, ஆட்டின் வாயையும் கட்டினாள்.