பதினான்கு தடவை மறந்த வசனம்

"அங்க பார் மெற்றி, முன் வரிசையில, கரைச் சீட்! அது ரொனிதானே?"

ஸீனத் முழங்கையால் இடித்தாள். மெற்றில்டா எட்டிப் பார்த்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து உட்காரும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"போன கிழமை இத்தாலியில இருந்து வந்தீக்கிறாராம். இண்டைக்கு அந்திக்கே திரும்ப ஃப்ளைட். பொஞ்சாதி புள்ளை ஒண்டும் இல்லியாம். போய்க் கதையேன்டி."

"மிதுனாவை நினைச்சுக்கொண்டே இருந்திட்டார் போல," என்றாள் மெற்றில்டா. "நான் போய் என்னத்தைக் கதைக்கிறது? பதினாலு மேடையில ஒரு வசனத்தை ஞாபகம் வச்சிருக்க ஏலாத மனுஷன். என்னை எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

வெள்ளவத்தைத் தியேட்டரில் அது மத்தியானக் காட்சி. இருபத்தேழு வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்தில் அவர்கள் போட்ட நாடகம்தான் இப்போது படமாகியிருந்தது. பணக்காரப் பெண் ஒருத்தி வேலைக்காரி வேஷம் போட்டு மாப்பிள்ளை தேடும் கதை. முதலாளிமாரை அதில் அவ்வளவு நக்கலடித்திருந்ததால், எழுதியவர் 'கரையோரன்' என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அது யாரென்று பங்குத் தந்தைக்கு மட்டுமே தெரியும். டைப் அடித்த பிரதிகள் அவர் கையிலிருந்துதான் வந்தன.

ரொனி கதாநாயகன். நகைக்கடை முதலாளியின் மகள் மிதுனா கதாநாயகி. உடுப்பெல்லாம் ஸீனத் தைத்தது. மேடையேறக் கூச்சப்பட்ட மெற்றில்டாவுக்குப் பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை.

நாடகம் முழுவதையும் கடகடவென்று சொல்லும் ரொனி ஒரே ஒரு இடத்தில் நின்றுவிடுவான். கதாநாயகி தான் யாரென்று சொல்லி, நகைப்பெட்டியைத் திறந்து நீட்டும் இடம். ரொனி பக்கத் திரையைப் பார்ப்பான்.

"உன் சொத்து எனக்கு வேண்டாம். நீ மட்டும் போதும்," என்று மெற்றில்டா மெல்லச் சொல்வாள்.

கேட்காதவன்போல் இன்னும் நிற்பான். இரண்டாம் தடவையும் சொன்னால்தான் நாடகம் நகரும்.

"மிதுனாட மூஞ்சியைக் கண்டா நாக்கு ஒட்டிக்கொள்ளுதோ?" என்று அவள் திட்டாத நாளில்லை.

"ஓம், எங்கயோ ஒட்டிக்கொள்ளுது," என்று சிரிப்பான்.

கடைசி மேடை முடிந்த அன்று, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் திரைக்குப் பின்னால் வந்தான். "மெற்றில்டா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்."

"மிதுனாவைப் பற்றித்தானே? அவவிட்டயே நேராப் போய்க் கேளுங்க. அதுக்கும் நானா வசனம் எடுத்துத் தரோணும்?"

கண் கலங்கியதைக் காட்டாமல் குனிந்து தாள்களை அடுக்கினாள். நிமிர்ந்தபோது அவன் இல்லை. மூன்று மாதத்தில் இத்தாலிக்குப் போய்விட்டான்.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். ரொனி திரும்பினான், கண்டுவிட்டான். எழுந்து நேராக அவளிடமே வந்தான். வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"மெற்றில்டா," என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "பேரும் மறந்துபோச்சோ?"

"இல்ல... நான் வந்தது..."

"ஸீனத், வா, ஒரு டீ குடிப்பம்."

வெளியே வந்ததும் ஸீனத் பிடித்துக்கொண்டாள். "உனக்கு என்ன, நெஞ்சில சீமெந்தா பூசி ஈக்கி? அந்த மனுஷன் என்னமோ செல்ல வந்திச்சே!"

"ஒரு வசனம் முழுசாச் சொல்லத் தெரியாட்டி நான் என்ன செய்ய?" என்றாள் மெற்றில்டா. டீயைக் குடிக்காமலே கோப்பையைத் திருப்பி வைத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. நகைப்பெட்டி திறந்தது. மெற்றில்டாவின் உதடுகள் பழக்கத்தில் அரை நொடி முன்னாலேயே அசைந்தன. திரையில் நின்ற இளம் நடிகன் தடுமாறாமல் சொன்னான்: "உன் சொத்து எனக்கு வேண்டாம். நீ மட்டும் போதும்."

தியேட்டர் விசிலடித்தது. முன் வரிசையில் ஒருவர் மட்டும் திரையைப் பார்க்காமல் பின்னால் திரும்பி இருந்தார். மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரொனி கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். அவள் வரிசைக்கு நேரே வந்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஓடுடி! வாசல்ல வாகனம் ஏற முந்திப் பிடிக்கலாம்."

"படம் முடியட்டும்," என்றாள் மெற்றில்டா. கை மட்டும் சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

படம் முடிந்தது. சனம் சிரித்துக்கொண்டே எழுந்தது. திரையில் பெயர்கள் ஓடின. யாரும் பார்க்காத அந்தப் பெயர்களை அவள் மட்டும் இருந்து, பிரதி பார்ப்பவள்போல் வரி வரியாக வாசித்தாள்.

'மூல நாடகம்: கரையோரன். இயற்பெயர்: ரொனி பெர்னாண்டோ.'

தானே எழுதிய வசனத்தை எவனும் பதினான்கு தடவை மறக்கமாட்டான். 'நீ மட்டும் போதும்' என்று அவள் வாயால் கேட்பதற்காகவே அவன் ஒவ்வொரு மேடையிலும் அங்கே நின்றிருக்கிறான்.